ஆள் அனுப்பும் ஊரும் ஆள் தேடும் ஊரும்

காரைக்குடியில் இன்று புது வீடு ஒன்று எழும்பினால் கம்பி கட்டுபவர் ஒடிசாக்காரராக இருக்கிறார். தரைக்கு டைல்ஸ் பதிப்பவர் பீகாரிலிருந்து வந்திருக்கிறார். ஃபால்ஸ் சீலிங் போட மேற்கு வங்கத்துப் பையன்கள் சாரம் ஏறுகிறார்கள். மெஸ்களில் இலை எடுப்பது, பாத்திரம் தேய்ப்பது தொடங்கி பரோட்டாக் கல்லில் நிற்பதுவரை வெளிமாநிலக் கைகள் வந்துவிட்டன. அதே மாதத்தில் கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் பக்கத்துப் பையன்கள் திருச்சியில் விமானம் ஏறிப் போய் சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறார்கள், கோலாலம்பூரில் பரோட்டா போடுகிறார்கள். இங்கே மேஸ்திரி "ஆள் கிடைக்கலங்க" என்று அலுத்துக்கொள்கிறார். அங்கே உணவக முதலாளிகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே சமயத்தில் ஆளை அனுப்பிக்கொண்டும் தேடிக்கொண்டும் இருக்கிற வட்டாரம் என்பதால், வெளியாள் உழைப்பை நம்பி நிற்கும் பொருளாதாரத்தின் இரண்டு முனைகளையும் செட்டிநாட்டில் இருந்தபடியே பார்க்க முடிகிறது. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆள் வந்து சேர ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது? தொழிலாளியின் தலையில் கடனாக விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த நாட்டில் எவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் அவருக்குப் பயனில்லை. கடன் அடையும்வரை அவர் வாய் திறக்க மாட்டார்.

இது புதிய விஷயம் அல்ல. 1852 போருக்குப் பின் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. அந்த வயல்களுக்குக் கடன் கொடுத்தது செட்டிநாட்டு நகரத்தார், அதாவது செட்டியார்கள், அங்கே வைத்த வட்டிக்கடைகள். ஊரிலிருந்து போகும் ஏஜெண்டு மூன்று வருடக் கணக்குக்குப் போவார். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கிளம்பும்போதே வாங்கிக்கொள்வார், அதற்கு வட்டி கிடையாது. கணக்கு முடியும்போது லாபத்தில் பங்கு உண்டு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு தனிக்கடையே வைக்கவும் வழி இருந்தது. கடல் தாண்டிப் போகிற செலவைக் கடை ஏற்றுக்கொண்டதால் போனவர் கையில் பணத்தோடு போனார்.

கடன் மனிதரை என்ன செய்யும் என்பதும் அதே கடைகளுக்குத் தெரியும். கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். நெல் விலை விழுந்து, விவசாயிகள் கட்ட முடியாமல் போய், 1938இல் அது 25 சதவீதம் ஆனது. அவர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை, கடன் நிலத்தை அவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. அதன் பின்விளைவுகள் 1942 ஜப்பானியப் படையெடுப்பிலும் 1960களின் வெளியேற்றத்திலும் எப்படி வந்து விடிந்தன என்பதை செட்டிநாட்டின் ஒவ்வொரு வளவும், அதாவது நகரத்தார் கட்டிய ஒவ்வொரு பெரிய வீடும், சொல்லும்.

அதே காலத்தில் இதே கரையிலிருந்து போன தோட்டக்கூலிகளுக்கோ கணக்கு தலைகீழ். இலங்கைக்கு ஆள் சேர்த்த கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். வழிச்செலவு, துணி, கம்பளி, அரிசி எல்லாம் பற்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், 'இந்தக் குழுவின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன்' என்று துரை எழுதிக்கொடுக்கும் துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும், கட்டியதைத் தொழிலாளியின் பெயரிலேயே மறுபடி எழுதிக்கொள்ளும். கை மாறும்தோறும் கடன் ஏறியது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

மலாயாவில் வேறொன்று நடந்தது. அதைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. 1907இல் அங்கே தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். தென்னிந்தியத் தொழிலாளரை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், ஆள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வேலை நாள் கணக்கில் அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கட்டணம் இல்லாமல் ஆள் போகலாம். தோட்ட முதலாளிகள் இதைக் கருணையால் செய்யவில்லை. தான் செலவழித்துக் கொண்டுவந்த ஆளை அடுத்த தோட்டக்காரன் இழுத்துக்கொள்கிறானே என்ற சண்டையைத் தீர்க்கத்தான் செய்தார்கள். கூலி அப்போதும் குறைவுதான். 1938இல் கூலியைக் குறைத்தபோது இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் ஆள் போவதையே நிறுத்தியது. ஆனாலும் ஒரு உண்மை நிற்கிறது. வந்து இறங்கும் செலவை முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து ஏற்றுக்கொள்ள முடியும் என்பதை நூறு வருடத்துக்கு முன்னாலேயே அந்த நாடு செய்து காட்டியிருக்கிறது.

இப்போதைய மலேசியாவில் முதலாளி ஒவ்வொரு வெளிநாட்டு ஆளுக்கும் வருடா வருடம் லெவி என்ற வரியை அரசுக்குக் கட்டுகிறார். தீபகற்பத்தில் தொழிற்சாலை, கட்டடம், சேவைத் துறைக்கு 1,850 ரிங்கிட் என்றும் தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் 640 ரிங்கிட் என்றும் 2016இல் நிர்ணயித்தார்கள். முன்பு இதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தார்கள், 2018 ஜனவரியிலிருந்து முதலாளியே கட்ட வேண்டும். ஆனால் இந்த லெவி அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, 1907 நிதியைப் போல ஆளைக் கொண்டுவரும் செலவுக்குப் போவதில்லை. அந்தச் செலவு சிவகங்கை மாவட்டத்தில் ஒரு அம்மாவின் தாலிச் சங்கிலி அடகில் போய் உட்காருகிறது.

அந்த நாடு ஏன் வெளியாளை விட முடியாமல் இருக்கிறது என்பதற்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைப் பார்த்தால் போதும். குலை பழுத்தால் 10 முதல் 14 நாளைக்கு ஒரு முறை அதே மரத்துக்கு ஆள் வந்தாக வேண்டும். நீளக் கழியின் நுனியில் வளைந்த அரிவாள், மேலே 15, 20 கிலோ குலை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை விழும். சுற்று தவறினால் பழம் உதிரும், அடுத்த சுற்றில் பொறுக்க இரண்டு மடங்கு ஆள் வேண்டும். மேடு பள்ளமான நிலத்தில் உயர்ந்த மரங்களுக்கு இயந்திரம் இன்னும் சரியாக வரவில்லை. கொரோனாவில் எல்லையை மூடியபோது பழம் மரத்திலேயே அழுகியது. இப்படி ஒரு நிலை இருந்தும் அந்த வேலைக்கான கூலி உள்ளூர் ஆளை இழுக்கும் அளவுக்கு ஏறவில்லை. அடுத்த விமானத்தில் ஆள் வருவார் என்ற நம்பிக்கை இருக்கும்வரை முதலாளி கூலியையும் ஏற்ற மாட்டார், இயந்திரத்துக்கும் பணம் போட மாட்டார். ஆகவே அரசு 'இனி வெளியாள் எண்ணிக்கையைக் குறைப்போம்' என்று கதவை மூடும். துறைகள் கூச்சல் போடும். கதவு திறக்கும். திறக்கிற அந்தச் சில மாதத்தில்தான் ஒதுக்கீடு விற்பனைச் சரக்காகிறது. கோட்டா வைத்திருப்பவர் ஏஜெண்டுக்கு விற்கிறார், ஏஜெண்டு இங்குள்ள சப் ஏஜெண்டுக்கு விற்கிறார், சப் ஏஜெண்டு தம்பிகளுக்கு விற்கிறார்.

வேலை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில் ஜோகூரின் பெங்கெராங் பகுதியில், சொன்ன வேலை கிடைக்காத 171 வங்கதேசத் தொழிலாளர் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்கு நடந்து போனார்கள். வழியிலேயே அவர்களைப் பிடித்துக் குடியேற்றத் துறையிடம் ஒப்படைத்தார்கள்.

மாற முடியாது என்பதும் இல்லை. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியாவின் டாப் குளோவ் கையுறைகளை, கட்டாய உழைப்பு என்று சொல்லித் தடுத்தது. உடனே அந்த நிறுவனம் தன் தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. மொத்தம் 130 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். வாங்குகிறவர் கேட்டபோது கொடுக்க முடிந்தது. பரோட்டா சாப்பிடுகிறவர் அப்படிக் கேட்பதில்லை, அதனால் உணவகத் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு வரவில்லை.

இனி, போகிறவருக்கு வேண்டிய கணக்கு.

ஒரு ரிங்கிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், வெளிநாட்டவருக்கும் அதேதான். ரூபாயில் 34,000. சாப்பாடு, போன், தங்குமிடப் பிடித்தம், 2025 அக்டோபரில் வந்த 2 சதவீத சேமநிதிப் பிடித்தம் எல்லாம் போக 23,000 ரூபாய் மிஞ்சுவதாக வைப்போம். வீட்டுக்கு மாதம் 12,000 அனுப்பினால் கடனுக்கு 11,000. ஏஜெண்டுக்குக் கட்டிய ஒன்றரை லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால், அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் என்றால், முதல் மாத வட்டியே 4,500. இப்படிக் கட்டிக்கொண்டு வந்தால் கடன் தீர 18 மாதம். ஒப்பந்தமே இரண்டு வருடம்தான், தனக்கென்று உழைப்பது ஆறு மாதம்.

இதில் சம்பளம் சொன்னதைவிட 200 ரிங்கிட் குறைந்தால் என்ன ஆகும்? கடனுக்கு மாதம் 7,000தான் கிடைக்கும். தீர 35 மாதம் ஆகும். ஒப்பந்தம் முடிந்தும் கடன் நிற்கும். பெர்மிட் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் ஆட்கள் அங்கே ஒளிந்து வேலை பார்ப்பதன் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். பேராசை என்று பேசுகிறவர்கள் வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அதே பையன், இந்தியச் சட்டம் அனுமதிக்கும் கட்டணத்தை மட்டும் கட்டிப் போனால்? பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. மருத்துவப் பரிசோதனை, போக்குவரத்து, இதர செலவு சேர்த்து 50,000 என்று வைத்து, அதை வங்கியில் வருடம் 9 சதவீதத்துக்கு நகைக்கடனாக எடுத்தால் ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடும். ஒரே சம்பளம், ஒரே வேலை, ஒரே ஆள். 18 மாதத்துக்கும் 5 மாதத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் இங்கே, கிளம்புவதற்கு முன்னால், தீர்மானமாகிறது.

ஆகவே காசோலை அல்லது டிடியில்தான் கட்ட வேண்டும், ரசீது வாங்க வேண்டும். 'ரசீது தர மாட்டோம்' என்றால் அவர் பதிவு பெற்றவர் அல்ல, அல்லது பதிவு பெற்றவரின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குள் சுற்றுகிற சப் ஏஜெண்டு. சப் ஏஜெண்டு வைத்து ஆள் பிடிப்பதையே சட்டம் ஏற்பதில்லை. இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உரிம எண்ணைத் தட்டிப் பார்த்தால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிவு செய்து வைக்கலாம்.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். மலேசியா, வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவர் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். வேலை ஒப்பந்தம், முதலாளி ஆள் கேட்டு எழுதும் டிமாண்ட் லெட்டர், காப்பீடு எல்லாம் இருந்தால்தான் அனுமதி வரும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அந்தக் காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. நம் மாவட்டங்களில் இப்போது கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் பத்தாவது தேறியவர்கள், ஐடிஐ, டிப்ளமா முடித்தவர்கள். அவர்களுக்கு அந்தச் சோதனை இல்லை. படித்தவர் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்று சட்டம் எண்ணுகிறது. நடைமுறையில் அவர்தான் எந்த அலுவலகமும் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் விமானம் ஏறுகிறார். கட்டாயம் இல்லாவிட்டாலும் இ-மைக்ரேட்டில் தாமாகவே பதிந்துகொண்டு போவது நல்லது.

சிவகங்கை மாவட்டத்தில் அதிகம் கேட்கும் ஏமாற்று ஒன்று உண்டு. "தம்பி, இப்ப டூரிஸ்டுல ஏறிக்க. பெர்மிட்ட அங்க போய்ப் போட்டுக்கலாம்." 2023 டிசம்பரிலிருந்து இந்தியர் 30 நாள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் நுழையலாம் என்று ஆனதும் இந்தப் பேச்சு இன்னும் எளிதாகிவிட்டது, விசா செலவுகூட ஏஜெண்டுக்கு மிச்சம். சுற்றுலாவாக நுழைந்ததை வேலைப் பெர்மிட்டாக மாற்ற முடியாது. வேலைக்குப் போகிறவருக்கு, முதலாளி அங்கே விண்ணப்பித்து, குடியேற்றத் துறை ஒப்புதல் கொடுத்து, அந்த ஒப்புதலின் பேரில் கிளம்புமுன்பே விசா வர வேண்டும். இதைத்தான் காலிங் விசா என்கிறோம். வயது 18க்கு மேல், 45க்குள். போய் இறங்கிய 30 நாளுக்குள் ஃபோமெமா என்ற, வெளிநாட்டுத் தொழிலாளருக்கான மருத்துவப் பரிசோதனை. இங்கே தேறிய பலர் அங்கே எக்ஸ்ரேயில் விழுகிறார்கள். எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு அதற்குப் போதும். தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணம் வராது. நுரையீரலில் பழைய சங்கதி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே நல்ல மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட வேண்டும்.

பெர்மிட் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது முதலாளியின் பெயரும் துறையும். கட்டட நிறுவனத்தின் கோட்டாவில் வந்து உணவகத்தில் நிற்கிறவர்கள் உண்டு. செல்லுபடியாகும் பெர்மிட் சட்டைப்பையில் இருந்தும், சோதனை வந்தால் பெர்மிட் நிபந்தனையை மீறியதாக அவர்தான் பிடிபடுவார். பெர்மிட்டே இல்லாமல் தங்கியிருந்தால் 10,000 ரிங்கிட்வரை அபராதம், ஐந்து வருடம்வரை சிறை, பிரம்படி என்று அந்நாட்டுச் சட்டம் போகிறது. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது அங்கேயும் குற்றம். கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், எல்லாப் பக்கத்தின் படத்தையும் எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

சமையல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. இதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, அதை 8ஆல் வகுத்தால் ஒரு மணிக் கூலி. 1,700க்கு அது 8.17 ரிங்கிட். கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, 12.26. காலை பத்திலிருந்து இரவு பத்துவரை நிற்கிறவர், ஒரு மணி ஓய்வு போக, நாளுக்கு மூன்று மணி கூடுதல் வேலை செய்கிறார். 26 நாளுக்கு 78 மணி, 956 ரிங்கிட். ஆக அவருக்கு வர வேண்டியது குறைந்தது 2,656. 'எல்லாம் சேர்த்து 2,000, சாப்பாடு ஃப்ரீ' என்றால் மாதம் 650 ரிங்கிட்டுக்கு மேல் கையை விட்டுப் போகிறது. ஓய்வு நாளில் நின்றால் கணக்கு இன்னும் ஏறும். ஆகவே, வந்த நேரம், போன நேரத்தை ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுத வேண்டும். தொழிலாளர் இலாகாவில் புகார் போகும்போது அந்த நோட்டுதான் பேசும்.

சிங்கப்பூர் கொஞ்சம் ஒழுங்கானது, ஆனால் நுழைவு வாசலில்தான் பணம் போகிறது. கட்டட வேலைக்கு 'டெஸ்ட் அடிக்க' வேண்டும். கம்பி, சென்ட்ரிங், குழாய், மின்சாரம் என்று ஏதாவது ஒன்றில் இங்குள்ள மையத்தில் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதுவது. தேறினாலும் வேலை உறுதி இல்லை, வேலைக்குத் தனியாக ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டும். அங்குள்ள ஏஜெண்டு ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். இங்கே வாங்குவதற்கு அந்தச் சட்டம் எட்டாது, அதனால் மொத்தத்தையும் இந்தப் பக்கம் வாங்கிவிடுகிறார்கள். விமானம் ஏறும் முன் ஐபிஏ கடிதம், அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம், தமிழிலும் கையில் இருக்க வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம், ஏஜெண்டு கட்டணம் எல்லாம் எழுதியிருக்கும். முதலாளி அரசுக்குக் கட்டும் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகையையோ மாத லெவியையோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. பெர்மிட்டைப் புதுப்பிக்கப் பணம் கேட்பதும் குற்றம்.

வளைகுடா பற்றிச் சுருக்கமாக. 'ஃப்ரீ விசா' என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு கஃபீலின், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியின், பெயரில் வந்து வேறு இடத்தில் வேலை பார்ப்பதற்கு ஊர் வைத்த பெயர் அது. அந்தக் கஃபீல் 'ஓடிவிட்டான்' என்று ஒரு பதிவு போட்டால் போதும், அத்தோடு முடிந்தது. கத்தாரில் 2020க்குப் பின் முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாம், அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால், தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 கூடுதல். தாய்லாந்தில் 'டேட்டா என்ட்ரி' என்று கூப்பிட்டால் போகவே கூடாது. அது மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கூடாரத்தில் போய் முடிகிறது, தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் தெரிந்துவைத்திருக்கிற நம் ஊர், இங்கே வந்து வேலை பார்க்கிறவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது?

வீட்டுக்காரர் மேஸ்திரிக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார். மேஸ்திரி ஆள் அனுப்பும் ஒருவரிடம் சொல்கிறார். அவர் ஒடிசாவில் தன் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்துக் கூட்டிவருகிறார். வாரம் தோறும் சனிக்கிழமை அவர்கள் கைக்குப் போவது செலவுக் காசு மட்டும். மீதி அவர் கையில், ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்கு ஒரு தொகை. கங்காணிக்கும் இப்படித்தான் தலைக்குக் காசு இருந்தது. மீதிப் பணம் சிக்கியிருப்பதால் நடுவில் போக முடியாது. மேஸ்திரிக்கும் ஆள் அனுப்புபவருக்கும் தகராறு வந்தால் அந்த மீதி போய்விடும். வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது, அவர் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டிருப்பார்.

1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. ஒப்பந்ததாரர் பாஸ்புக் கொடுக்க வேண்டும், பயணப்படி, இடம்பெயர்வுப் படி கொடுக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம், பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். ஒப்பந்ததாரர் இல்லாமல் தானாக வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளராக ஏற்றுக்கொண்டது நல்ல மாற்றம்தான். ஆனால் செட்டிநாட்டு வீட்டு வேலையில் ஒரு குழு என்பது நாலு முதல் எட்டுப் பேர். அந்த வரம்பு அவர்களை அப்படியே வெளியே விட்டுவிடுகிறது.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் தாக்குவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பயந்துபோய்ப் பலர் ரயில் ஏறினார்கள். வதந்தி ஒரு வாரத்தில் அடங்கியது. ஆனால் ஒரு காணொளிக்கே வேலை நின்றுபோகும் அளவுக்கு நாம் அவர்களை நம்பியிருக்கிறோம் என்பது அன்று தெரிந்தது.

இந்த நம்பியிருத்தலில் செட்டிநாட்டுக்கு மட்டும் உரிய ஒரு இழப்பும் இருக்கிறது. இங்குள்ள வளவுகளின் சுவர் சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, ஒரு கோட்டிங் காய்ந்து அடுத்தது என்று அடுக்கடுக்காகப் போட்டு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. அதைக் கற்ற கொத்தனாரின் மகன் சிங்கப்பூரில் சென்ட்ரிங் அடிக்கிறான். பழுது பார்க்க வருகிற குழுவுக்கு சிமெண்டு மட்டும்தான் தெரியும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், பழைய செங்கல்லும் அதோடு உதிரும். இதில் அந்த ஒடிசாப் பையனின் தவறு எதுவும் இல்லை. அவரை ஆறு மாதம் ஒரு பழைய கொத்தனாரோடு நிறுத்திக் கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வார், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் கண்ணாடித் தட்டின்மேல் கலர் ஊற்றப் பழகுவதும் அப்படித்தான். அதற்கு அவர் ஒரே முதலாளியிடம் நிம்மதியாக நிலைத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு சைட் என்று ஆள் அனுப்புபவர் சுழற்றிக்கொண்டே இருந்தால் கை எப்படித் தேறும்?

வீடு கட்டுகிறவர் செய்யக்கூடியவை சில. ஆளுக்கு ஆள் பெயர், ஊர், நாள் கூலி எழுதிய ஒரு தாளை இந்தியிலோ ஒடியாவிலோ போன் மூலம் மொழிபெயர்த்தாவது அவர்களிடம் கொடுத்து, மேஸ்திரியும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடலாம். கூலியை மொத்தமாக ஒருவர் கையில் தராமல், சனிக்கிழமை அவரவர் கணக்குக்கே அனுப்பலாம். மேஸ்திரிக்கு உரியதைத் தனியாகத் தரலாம், அது அவர் உழைப்பு. வெளிமாநிலத்தாரும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதியலாம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும், அந்தச் சான்றுக்கு வீட்டுக்காரரின் கையெழுத்து உதவும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது, அவர்களுடைய ஊர் அட்டையில் ஆதார் இணைந்திருந்தால் காரைக்குடி ரேஷன் கடையிலேயே அரிசி வாங்கலாம். பல குழுக்களுக்கு இது தெரியாது, வெளிக்கடையில் முழு விலைக்கு வாங்குகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வரவழைக்கும் செலவு. ஒடிசாவிலிருந்து காரைக்குடிவரை ஸ்லீப்பர் டிக்கெட் ஒருவருக்கு ஒன்றிரண்டு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். ஆறு பேருக்குப் போகவர என்றாலும், ஒரு வீட்டின் மொத்தச் செலவில் நிலைக்கதவின் விலைகூட வராது. அதை வீட்டுக்காரரே கட்டி, திரும்பிப் போகும் டிக்கெட்டையும் சேர்த்துப் பேசிவிட்டால், ஆள் அனுப்புபவர் முன்பணம் என்று கொடுத்துப் பற்று எழுத வேண்டிய தேவையே வராது.